கொரிந்துவில் ஒரு தையல் கடை

எங்கள் சபையில் எருசலேம் போய்வந்தவர்கள் நிறையப் பேர். நான் கிரேக்க நாட்டுக்கு, கொரிந்துக்குப் போகிறேன் என்றதும், "அங்கே என்னம்மா இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கி வேலை பார்த்தார் என்றேன். ஊழியத்தைச் சொல்லவில்லை, நிஜமாகவே கூலி வேலை. என் அப்பா தையல்காரர். பவுல் கூடாரம் தைத்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்துக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு.

ஏதென்ஸிலிருந்து பஸ். வழியில் 1893-இல் திறந்த கொரிந்துக் கால்வாய். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. போட்டோ எடுக்க அங்கே முக்கால் மணி நேரம் விட்ட பயண ஏற்பாட்டாளர், பழைய கொரிந்துக்கு ஒரு மணி நேரம்தான் என்றார். எனக்கு வந்த எரிச்சலைப் போதகர் ஐயாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

நுழைந்ததும் கண்ணில் படுவது அப்பொல்லோ கோவிலின் ஏழு தூண்கள். பவுல் வந்தபோதே அவற்றுக்கு அறுநூறு வயது இருக்கும். ஊர் மட்டும் அப்போது புதிது. கி.மு. 146-இல் ரோமர்கள் தரைமட்டமாக்கிய ஊரை, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். வந்தவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு பக்கமும் துறைமுகம், நடுவில் சந்தை. பணம் சேர்த்தவன் அதை ஊருக்குக் காட்டாமல் இருக்க மாட்டான். நாடகத் திடல் பக்கம் ஒரு கல்வெட்டு இருக்கிறது: நகராட்சிப் பதவி கிடைத்ததற்காக எரஸ்து என்பவன் தன் சொந்தச் செலவில் தளம் போட்டானாம். பவுல் ரோமர்களுக்கு எழுதிய நிருபத்தில் வரும் எரஸ்துதானா இவன் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

நியாயாசனத்துக்கு, அதாவது அந்தக் காலத்தில் வழக்கு விசாரித்த மேடைக்கு முன்னால் நின்று வேதம் வாசித்தோம். பவுலை இங்கேதான் ரோம ஆளுநர் கல்லியோன் முன் நிறுத்தினார்கள். தத்துவஞானி செனெக்காவின் அண்ணன் அவர். வழக்கைக் கேட்கவே மாட்டேன் என்று விரட்டிவிட்டார். அவர் பெயர் உள்ள கல்வெட்டுத் துண்டுகள் தெல்பியில் கிடைத்ததால்தான், பவுல் இங்கே இருந்தது கி.பி. 51-ஐ ஒட்டி என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மற்றவர்கள் பாட ஆரம்பித்ததும் நான் மெல்ல நழுவிக் கடை வரிசைப் பக்கம் போனேன். இடிந்த சுவர்களும் வாசற்படிகளும்தான் மிச்சம். ஒவ்வொன்றும் நம்மூர் பஜார் கடை அளவு. இப்படி ஒன்றில்தான், ரோமிலிருந்து பேரரசன் கிலவுதியு ராயன் துரத்திவிட்ட ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு பவுல் உட்கார்ந்து கூடாரம் தைத்திருப்பார். தோலா, துணியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எதுவானாலும் ஊசி ஊசிதான். பக்கத்து இஸ்துமியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் விளையாட்டு விழாவுக்குக் கூட்டம் கூடும்போது கூடாரத்துக்குக் கிராக்கி இருந்திருக்கும். அப்பாவுக்கு வலது கை நடுவிரல் நுனி காய்த்துப்போய், சூடான டம்ளரைப் பிடித்தாலும் உறைக்காது. கைத்தொழிலைக் கேவலமாக நினைத்த அந்தச் சமுதாயத்தில், பணக்காரர் தயவு வேண்டாம் என்று அப்படி ஒரு விரலோடு போய்ப் பிரசங்கம் பண்ணியிருக்கிறார் மனுஷன்.

கொரிந்து சபைக்குப் பவுல் கோபப்பட்டுக் கடிதம் எழுதியது எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் விளங்கியது. கர்த்தருடைய பந்திக்குக் கூடும்போது வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுவார்கள். அந்தக் காலத்து விருந்து அறையில் ஒன்பது பேர்தான் சாய்ந்து சாப்பிட இடம் இருக்கும். வேலை முடிந்து வரும் அடிமையும் கூலிக்காரனும் முற்றத்தில் பசியோடு நிற்பார்கள். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் எங்கள் ஊர் அசனப் பண்டிகை நினைவுக்கு வந்தது. ஆர்டர் துணியை முடித்துவிட்டு அப்பா வந்து சேர்வதற்குள் சில வருஷம் அண்டாவில் சோறு மட்டும்தான் இருக்கும், கறி இருக்காது. அப்பா அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அம்மாதான் வீடுவரை புலம்பிக்கொண்டே வருவாள்.

அங்கிருந்து கெங்கிரேயா. பவுல் பிரார்த்தனைக்காக மொட்டை போட்டுக்கொண்டு கப்பல் ஏறிய துறைமுகம், சபைக்கு ஊழியம் செய்த பெபேயாளின் ஊர். தெளிந்த தண்ணீருக்குள் பழைய கட்டடங்களின் அஸ்திவாரம் தெரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் நின்றபடியே பார்சல் சாப்பாட்டைப் பிரித்தோம். பஸ்ஸை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு டிரைவர் வந்து சேர்ந்தபோது எல்லாரும் பாதி சாப்பிட்டாகிவிட்டது. ஆள் கணக்கில் அவரை யாரும் சேர்க்கவில்லை போல. எங்கள் குழுவிலேயே வயதான பெரியம்மா, பிரிக்காமல் மடியில் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து, "இந்தாப்பா, உனக்குத்தான்" என்று தமிழிலேயே சொல்லி நீட்டினார். அவர் கிரேக்கத்தில் ஏதோ சொல்லி வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தார்.