உட்ரெக்ட்: தெருவுக்கு அடியில் ஒரு கடைத்தெரு

நெதர்லாந்து போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரயிலில் அரை மணி நேரம்தான், உட்ரெக்ட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆம்ஸ்டர்டாமில் தெருவை ஒட்டியே தண்ணீர், சரக்கைக் கயிறு கட்டிப் பரணுக்கு ஏற்ற வீட்டு உச்சியில் கொக்கி வைத்திருப்பார்கள். உட்ரெக்ட்டின் ஔடெக்ராக்ட் கால்வாயில் சரக்கு பக்கவாட்டில் போனது. தெருவோரக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் ஒரு மாடி ஆழத்தில் தண்ணீர், அதன் ஓரமாக நீளத்துக்கும் துறை, துறையை ஒட்டி வளைவு வளைவாகக் கதவுகள். உள்ளே இருக்கும் நிலவறைகள் நாம் நிற்கிற தெருவுக்கு அடியில் ஓடி, பின்னால் இருக்கும் வீட்டின் நிலவறையோடு போய்ச் சேருகின்றன.

இப்படி அமைந்ததற்குத் தண்ணீர்தான் காரணம். 1122 வாக்கில் ஆற்றின் மேல்பக்கம் வைக் பை டூர்ஸ்டேடே என்ற ஊரில் ரைன் ஆற்றின் கிளையை அணை போட்டு அடைத்தார்கள், நகரத்துக்குள் நீர்மட்டம் இறங்கியது, கரை மட்டும் உயரமாக நின்றது. வணிகர்கள் சும்மா இருப்பார்களா, வீட்டு நிலவறையிலிருந்து தெருவுக்கு அடியில் கால்வாய் வரை குடைந்துகொண்டே வந்துவிட்டார்கள். படகில் வந்த பீப்பாயைத் துறையில் இறக்கி நேராக உள்ளே உருட்டிவிடலாம், தெருவில் தூக்கிச் சுமக்கவே வேண்டாம். என்ன ஒரு மூளை!

துறைக்கு இறங்க ஆங்காங்கே படிகள் இருக்கின்றன. தயவுசெய்து இறங்கி நடங்கள், மேலிருந்து படம் எடுத்துவிட்டுப் போனால் பாதி ஊரைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன். நிலவறைகள் இப்போது உணவகம், பட்டறை, ஓவியக்கூடம் என்று ஆகியிருக்கின்றன, வெயில் நாளில் துறையில் நாற்காலி கிடைப்பதே கஷ்டம். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு நியூவக்ராக்ட் கால்வாய் இருக்கிறது, அதே அமைப்பு, வீடுகள் அதிகம், மரங்கள் துறையிலிருந்தே கிளம்பி தெருவுக்கு மேலே வளர்ந்து நிற்கின்றன. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

தெருவே பழைய செங்கல் வளைவுகளின் தோள்மேல் கிடப்பதால் கனமான லாரிகள் அங்கே போக முடியாது. அதனால் 1996 முதல் உணவகங்களுக்கு பீர் பீப்பாய்களை நகராட்சிப் படகு கொண்டுவருகிறது, 2010-இல் மின்சாரப் படகும் வந்துவிட்டது. சின்னக் கிரேன் ஒன்று அதன்மேலேயே இருக்கும், துறையில் இறக்கி வைத்துவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்துவிடுகிறது. காலையில் போனால் பார்க்கலாம்.