விந்து பரிசோதனையும் கஞ்சாவை விட்டதும்

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் “ஏதாவது விசேஷமா?” என்ற கேள்வி என் மனைவியிடம்தான் வந்தது, என்னிடம் யாரும் கேட்டதில்லை. மருத்துவமனையிலும் அதே கதை. ஸ்கேன், தைராய்டு, ஹார்மோன் என்று அவளுக்கு ஒரு ஃபைல் நிறைந்த பிறகுதான் என்னை டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். இந்த வரிசையே தலைகீழ். ஆணுக்கான முதல் பரிசோதனையில் செலவும் குறைவு, ஊசியும் கிடையாது.

இரண்டு முதல் ஏழு நாள்வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு வர வேண்டும். லேபில் தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு சின்ன அறை, வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா, அதன் மேல் பெயரும் நேரமும். “கொஞ்சம் சிந்திட்டாலும் சொல்லிடுங்க சார்” என்றார் லேப்காரர். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகமாம், அது தவறினால் கணக்கே மாறிவிடும். வீட்டில் எடுப்பதானால் குளிர விடாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 90 லட்சம் என்று இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் வரம்பு 1.6 கோடி. அசையும் அணுக்கள் 42 சதவீதமாவது இருக்க வேண்டும், எனக்கு 31. நடுவில் காய்ச்சல் வந்திருந்தாலே குறையும், ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது என்று டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார். அதுவும் ஏறக்குறைய அப்படியேதான் வந்தது.

படிவத்தில் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் கட்டம் இருந்தது, கஞ்சாவுக்கு இல்லை. நானாகவே சொன்னேன்: கல்லூரிக் காலத்திலிருந்து, வாரத்தில் மூன்று நான்கு நாள், சிகரெட் தூளோடு கலந்து. டாக்டர் முகம் மாறவில்லை, எழுதிக்கொண்டார். கஞ்சாவைப் போலவே வேலை செய்யும் சில பொருட்களை நம் உடம்பே சுரக்கிறதாம். அவை போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகள் மூளையில் மட்டுமல்ல, விரையிலும் விந்தணுவிலும்கூட இருக்கின்றன. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சி வெளியிலிருந்து வந்து அங்கே போய் உட்கார்ந்தால் அணு உருவாவதும் நீந்துவதும் பாதிக்கப்படலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். டென்மார்க்கில் ராணுவத் தகுதிச் சோதனைக்கு வந்த 1,215 இளைஞர்களைப் பார்த்த ஆய்வு 2015இல் வந்திருக்கிறது. வாரம் ஒருமுறைக்கு மேல் புகைத்தவர்களுக்கு விந்தணு அடர்த்தி 28 சதவீதம் குறைவு. நண்பன் ஒருவன் உடனே 2019இல் வந்த பாஸ்டன் ஆய்வை அனுப்பினான். அதில் கஞ்சா புகைத்தவர்களுக்குத்தான் எண்ணிக்கை அதிகம்! ஆனால் அது வாழ்நாளில் எப்போதாவது புகைத்தவர்களையும் சேர்த்த கணக்கு. என்னைப் போல வாரம் தவறாத ஆளுக்கு அது ஆறுதல் ஆகாது.

அதே நண்பன்தான் ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகும் என்றும் சொன்னான். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று டாக்டரிடம் போனேன். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ஏறினால் மூளை விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அடியோடு நின்றே போகலாம்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வரத் தயாராக மேலும் ஒன்றிரண்டு வாரம். அதனால் இன்று விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். கஞ்சாவையும் சிகரெட்டையும் சேர்த்தே விட்டேன். முதல் வாரம் படுமோசம். தூக்கம் இல்லை, வந்தால் விசித்திரக் கனவுகள், சாப்பாடு இறங்கவில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். மனைவி இரவில் என்னை மொட்டைமாடியில் நடக்க வைத்தாள். அப்புறம் மெல்ல அடங்கியது.

அடுத்த ரிப்போர்ட்டில் 1.9 கோடி, அசைவு 44 சதவீதம். எல்லாம் கஞ்சாவை விட்டதால்தானா என்று கேட்டேன். புகையிலையும் நின்றிருக்கிறது, தூக்கமும் சரியாகியிருக்கிறது, எண்ணிக்கை தானாகவும் ஏறி இறங்கும், பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், இன்னும் சில மாதம் இயற்கையாகவே பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மனைவிக்கு எழுதியிருந்த அடுத்த ஸ்கேனையும் அதுவரை தள்ளி வைத்திருக்கிறார்.