உணவுக்குழாயில் ஆரம்பப் புற்றைத் தேடும்போது

"சோறு நெஞ்சுல அடைக்குது" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், எண்டோஸ்கோபியில் தெரிவது பெரும்பாலும் முற்றிய கட்டிதான். குழாய் நன்றாகச் சுருங்கிய பிறகே சோறு சிக்கும். மேல்படலத்தோடு நிற்கும் புற்று வலிக்காது, அடைக்காது. வேறு எதற்கோ எண்டோஸ்கோபி செய்யும் அன்று கண்ணில் பட்டால்தான் உண்டு. அன்றைக்கும் இரைப்பையைப் பார்க்கிற அவசரத்தில் உணவுக்குழாயைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறோம். பழைய கருவியால் தவறுவதைவிட இந்த அவசரத்தால் தவறுவதே அதிகம் என்று உறுதியாக நம்புகிறோம்.

நம் பக்கத்தில் அதிகம் வருவது ஸ்குவாமஸ் வகை, அதாவது குழாயின் உட்புறத்தை மூடிய தட்டைச் செல்களில் தொடங்கும் புற்று. புகையிலை, வெற்றிலைபாக்கு, மது மூன்றும் அதற்குப் பாதை போடுகின்றன. வாய், தொண்டைப் புற்றுக்கு சிகிச்சை பெற்றவர், எப்போதோ ஆசிட் குடித்துப் பிழைத்தவர், நெடுங்காலமாக அகலேசியா (உணவுக்குழாயின் அடிவாய் தளராமல் உணவு தேங்கும் நோய்) உள்ளவர்: இவர்களுக்கு உணவுக்குழாயையே தனிச் சோதனையாக எண்ணி நேரம் ஒதுக்க வேண்டும். மயக்க ஊசியும் போட்டுவிடுவது நல்லது. ஓங்கரித்துக்கொண்டே இருப்பவரின் குழாயில் எதையும் நின்று பார்க்க முடியாது.

முதல் வேலை கழுவுவது. சோதனைக்கு 20 நிமிடம் முன்பு 100 மி.லி. தண்ணீரில் சிமெத்திகோனும் என்-அசிட்டைல்சிஸ்டீனும் கலந்து குடிக்கக் கொடுத்தால் நுரையும் சளியும் பாதி போய்விடும். மிச்சத்தை உள்ளே போனபின் பீய்ச்சிக் கழுவி உறிஞ்ச வேண்டும். நோயாளி இடப்பக்கம் சாய்ந்து படுத்திருப்பதால் தண்ணீர் இடச்சுவரில் தேங்கும். அந்தக் குட்டையை உறிஞ்சாமல் அதன் அடியில் இருப்பது தெரியாது. உறிஞ்சும்போது முனை சுவரில் ஒட்டினால் சிவந்த வட்டம் விழும், பிறகு அதையே புண் என்று சந்தேகிப்போம். காற்றிலும் கவனம் வேண்டும். குறைந்தால் மடிப்புக்குள் புற்று ஒளியும். அதிகமானால் சுவர் இழுபட்டு லேசான மேடு தட்டையாகிவிடும். ஊதியும் விட்டும் பார்க்கையில், சுற்றிலும் சுவர் மடிய ஓரிடம் மட்டும் விறைத்து நின்றால் அது ஆழமாக இறங்கியிருக்கிறது.

என்.பி.ஐ. எனப்படும், குறுகிய நீல, பச்சை அலைநீளங்கள் மட்டும் கொண்ட ஒளியைத் தொண்டையிலேயே போட்டுக்கொண்டு இறங்குவது எங்கள் பழக்கம். குழாய் உரசிச் சிவப்பதற்கு முன் கிடைக்கும் அந்த முதல் பார்வை திரும்பக் கிடைக்காது. 415, 540 நானோமீட்டர் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் மேலோட்டமான நுண்குழாய்கள் பழுப்பாக எழும்பும். ஜப்பானில் மனாபு முட்டோ குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக்குழாயின் மேலோட்டப் புற்றை வெள்ளை ஒளி 55 சதவீதமும் என்.பி.ஐ. 97 சதவீதமும் பிடித்தன.

பழுப்புத் திட்டு ஒன்று தெரிந்தால் உடனே உருப்பெருக்கிப் பார்க்க வேண்டும். இயல்பான இடத்தில் நுண்குழாய்கள் மெல்லிய கொண்டை ஊசிகளாக வளைந்து நிற்கும். அவை தடித்து, முறுக்கி, ஒன்றுபோல் இல்லாமல் இருந்தும் வளைவு கெடாதிருந்தால், நுண்குழாய் வடிவத்தை வைத்து ஆழத்தைக் கணிக்கும் ஜப்பானிய வகைப்பாட்டில் அது பி1; புற்று மேல்படலத்தையோ அதன் கீழ் மென்படலத்தையோ தாண்டியிருக்காது, எண்டோஸ்கோபியிலேயே வெட்டி எடுத்துவிடலாம். வளைவு அழிந்து நீண்டு ஓடினால் பி2, அதைப்போல் மும்மடங்கு தடித்தால் பி3. பி3 என்றால் சளிச்சவ்வின் அடியடுக்கில் நன்றாக இறங்கிவிட்டது என்று பொருள். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்குமோ என்றும் நினைக்க வேண்டும். கழுத்துப் பகுதியில் தெரியும் பழுப்புத் திட்டு பல சமயம் இடம் மாறி முளைத்த இரைப்பைச் சவ்வாக இருக்கும். அமில அரிப்பும் பழுப்பு காட்டும். சந்தேகம் இருந்தால் எட்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து மறுபடி பார்க்கலாம்.

லூகால் அயோடின் என்ற சாயக் கரைசலை எல்லோருக்கும் தெளிக்கத் தேவையில்லை. ஆனால் வாய்ப்புற்று வந்தவருக்கு அதைத் தவிர்க்கவே கூடாது. உருப்பெருக்கிப் பார்ப்பதை முதலில் முடித்துவிட வேண்டும், சாயம் பட்டபின் நுண்குழாய் வடிவம் தெரியாது. அயோடின் ஒவ்வாமையும் தைராய்டு மிகைச் சுரப்பும் இல்லை என்று கேட்டுக்கொண்டு, 1 சதவீதக் கரைசலை ஸ்ப்ரே குழாய் வழியாகக் கீழிருந்து மேலாகத் தெளித்து வர வேண்டும். தொண்டைக்கு நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும், மேலேறினால் மூச்சுக்குழலில் இறங்கும். கிளைகோஜன் (செல்கள் சேமித்து வைக்கும் சர்க்கரை) உள்ள இயல்பான படலம் அடர்பழுப்பாகும். புற்று நிறமேறாமல் மஞ்சளாக நிற்கும். உடனே பயாப்ஸிக்கு (சோதனைக்காகத் திசுத் துணுக்கு எடுக்க) கிடுக்கியை நீட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால், அந்த மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று தெரியும். மாறினால் சந்தேகம் வலுக்கிறது. அதே இடம் என்.பி.ஐ.யில் வெள்ளி போல மினுங்கும். முடிந்ததும் சோடியம் தயோசல்ஃபேட் தெளித்து, இரைப்பையில் தேங்கிய அயோடினையும் உறிஞ்சிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்று முழுக்க நெஞ்செரிச்சலோடு இருப்பார்.

பயாப்ஸி ஒன்றோ இரண்டோ போதும். பல இடத்தில் கடித்தால் அடியில் தழும்பு கட்டி, பிறகு வெட்டியெடுப்பதற்காகச் சவ்வின் அடியில் ஊசியால் திரவம் செலுத்தும்போது சவ்வு மேலெழும்பாது. படிவத்தில் முன்பற்களிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், கடிகாரத்தில் எந்த மணிப் பக்கம், சாயம் ஏறாத பரப்பு எவ்வளவு என்று எழுதி, கழுவிய பின் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினால், அடுத்து வெட்டியெடுக்கப் போகிறவர் அதே இடத்தை மறுபடி கண்டுபிடிப்பார்.