சவேரியாருக்கு ஒரு பொட்டலம் உப்பு

அம்மா நேர்ந்துகொண்டது 2017 டிசம்பர் 3, நாகர்கோவில் கோட்டாற்றுச் சவேரியார் கோயில் திருவிழா நாள். நேர்ச்சையைத் தீர்த்தது 2025 அக்டோபரில், ரோமில். நடுவில் எட்டு வருஷம் புனித பிரான்சிஸ் சவேரியார் பொறுமையாகக் காத்திருந்தார். அம்மாதான் பொறுக்கவில்லை, வாரம் ஒருமுறை போனில் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒக்கிப் புயல் அடித்த அந்த வியாழக்கிழமை தம்பி கடலில் இருந்தான். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தங்குதொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போன விசைப்படகு. ஞாயிறு வரை ஒரு சேதியும் இல்லை. அம்மா கோட்டாறு கோயிலில் முட்டுபோட்டுக் கிடந்து, "என் பிள்ளையக் கரை சேர்த்திடும், உம்ம கைய வந்து பாத்துக் கும்பிடுதேன்" என்றிருக்கிறாள். புதன்கிழமை லட்சத்தீவிலிருந்து போன் வந்தது.

கை என்று ஏன் சொன்னாள் என்றால், 2014இல் பங்கிலிருந்து பஸ் பிடித்துக் கோவா போயிருந்தாள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை சவேரியாரின் உடலை இறக்கி வைப்பார்கள் இல்லையா, அதற்கு. மணிக்கணக்காக வரிசையில் நின்று சில நொடிதான் பார்க்க முடிந்தது. அந்த நொடிகளில் வலது கை இல்லாததைக் கவனித்துவிட்டாள். 1614இல், அவர் சேர்ந்திருந்த துறவற சபையான இயேசு சபையின் தலைவர் கட்டளைப்படி வெட்டி எடுத்து, முழங்கைக்குக் கீழ்ப் பகுதியை ரோமுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஃபாதர் சொன்னாராம். "நம்ம ஆளுவளுக்குத் தண்ணி ஊத்துன கைய நம்மகிட்ட விட்டு வைக்கலியே" என்பதுதான் அன்றிலிருந்து அவள் வருத்தம்.

அதில் நியாயம் இருக்கிறது. 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையோரம் ஊர் ஊராக நடந்தவர், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதற்கு முன் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இருந்தபோதும், தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை சோர்ந்துபோகிறது என்று எழுதினார். அந்தக் கை.

கொரோனா வந்தது, அம்மாவுக்கு முட்டுவலி வந்தது, விசா ஒருமுறை மறுக்கப்பட்டது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஜெர்மனிக்கு ஒருவழியாக அவளைக் கூப்பிட்டு, அங்கிருந்து ரோம் போனோம். யூபிலி ஆண்டு, உலகமெங்குமிருந்து கத்தோலிக்கர் ரோமுக்குத் திரளும் புனித ஆண்டு என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பேதுரு கோயில் பக்கம் பத்தடிக்கு ஒருத்தன் அட்டையை மாட்டிக்கொண்டு, "வரிசை இல்லை, வரிசை இல்லை" என்று கையைப் பிடிக்காத குறையாக இழுக்கிறான். கும்பிட வந்தவர்களிடம் இப்படிக் காசு பிடுங்குவதற்கு ஊர் வித்தியாசமே கிடையாது. புனிதக் கதவு வழியாக நுழைந்தோம், செபித்தோம், வந்தோம். அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. அம்மாவின் மனசு அங்கே இல்லவே இல்லை.

மறுநாள் டெர்மினி நிலையத்திலிருந்து பஸ். மூச்சு விட இடமில்லை. வெனேசியா சதுக்கத்தில் இறங்கிப் பார்த்தால் என் பையின் ஜிப் திறந்து கிடக்கிறது, பர்ஸைக் காணோம். அறுபது யூரோவும் ஒரு வங்கி அட்டையும். நடைபாதையிலேயே நின்று அட்டையை முடக்கப் போன் போட்டுக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அவசர அவசரமாகத் தன் பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இருக்கு மக்களே, வா" என்றாள். கோட்டாற்றில் காணிக்கையாகப் போடுவதுபோல் சவேரியாருக்குப் போட, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த உப்பும் நல்லமிளகும். விமான நிலையச் சோதனையில் எப்படித்தான் தப்பியதோ.

அங்கிருந்து ஐந்து நிமிட நடை, அந்தக் கை இருக்கிற ஜெசு கோயில். இயேசு சபையின் தாய்க்கோயில். 1568இல் கட்டத் தொடங்கி 1584இல் அபிஷேகம் செய்தார்கள். உலகத்தில் பரோக் பாணியில் எழுந்த எத்தனையோ கோயில்கள் இதைப் பார்த்துக் கட்டியவைதான். ஆனால் வாசல் முகப்பைப் பார்த்த அம்மா "இம்புட்டுதானா?" என்றாள். மூடியும் இருந்தது. மத்தியானம் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்களாம், நான் பார்க்காமல் வந்துவிட்டேன். அம்மா வேறெங்கும் வரமாட்டேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சதுக்கத்தில் எப்போதும் காற்று அடிக்கும் என்பார்கள். அதற்கு ரோம்காரர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பிசாசும் காற்றும் சேர்ந்து உலாவப் போனதாம். இந்தக் கோயில் வந்ததும் பிசாசு, "கொஞ்சம் நில்லு, உள்ளே ஒரு வேலை இருக்கு" என்று போனது, வெளியே வரவேயில்லை. காற்று இன்னும் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. இயேசு சபையாரைக் கிண்டல் செய்யும் கதைதான். பொழுது போகட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "காத்த வெளியில நிப்பாட்டி வச்சிருக்காரு பாத்தியா" என்றாள். அதற்கப்புறம் நாங்கள் ரொம்ப நேரம் பேசவில்லை.

கதவு திறந்தது. உள்ளே போனதும் "இம்புட்டுதானா" காணாமல் போய்விட்டது. கூரை திறந்துகொண்டு வானமே இறங்குவது மாதிரி ஓர் ஓவியம். காவுல்லி வரைந்து 1679இல் முடித்தது. நடுவில் இயேசுவின் திருப்பெயர் ஒளியாக எரிகிறது, உருவங்கள் சட்டத்தைத் தாண்டி வெளியே வழிகின்றன. கழுத்து வலிக்காமல் பார்க்கச் சாய்வாக ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அம்மா அதில் தன் முகத்தை மட்டும் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

இடது பக்கம், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் கல்லறைப் பீடம். நேர் எதிரே, வலது பக்கம், நம் சவேரியார். தினமும் மாலை ஐந்தரைக்கு இஞ்ஞாசியார் பீடத்தில் பாட்டோடு ஒரு காட்சி நடக்கும். முன்னால் உள்ள பெரிய படம் மெதுவாகக் கீழே இறங்க, பின்னால் மாடத்தில் புனிதரின் சிலை தெரியும். அதற்காகவே கூட்டம் வரும். நாங்கள் உள்ளே போனபோது அந்த நேரம் நெருங்கிவிட்டது. ஒரு குழு, இன்னொரு குழு, கொடி பிடித்த வழிகாட்டிகள், தலைக்கு மேல் தூக்கிய போன்கள். இடித்துத் தள்ளி அம்மாவின் முட்டில் ஒரு பெட்டி மோதியது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விளக்குகள் மங்கி இசை எழும்பியது. கோயில் முழுக்க இடது பக்கம் திரும்பிக்கொண்டது. அத்தனை முதுகுகளுக்கும் பின்னால் சவேரியாரின் பீடம் காலியாகக் கிடந்தது. ஓர் ஆள் இல்லை. கோவாவில் சில நொடி கிடைத்த அம்மாவுக்கு இங்கே அந்த இசை ஓயும் வரை இடம் கிடைத்தது. இது யார் ஏற்பாடு என்று நான் சொல்ல வேண்டுமா?

மேலே மராத்தா வரைந்த படம், சீனக் கரைக்கு எதிரே தீவில் அவர் உயிர் விடுகிற காட்சி. கீழே பொன் வேலைப்பாட்டுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், அந்தக் கை. கறுத்துச் சுருங்கி, மெலிந்து. இவ்வளவு சின்னதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. 2018இல் இதைக் கனடாவுக்குக் கொண்டுபோனபோது விமானத்தில் தனி இருக்கை போட்டார்களாம், கொஞ்சம் வேடிக்கையாகக்கூட நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

அம்மா வலிக்கிற முட்டை மடக்கி உட்கார்ந்தாள். நன்றி சொல்வாள், தம்பி பேரைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் வாய் வேறு பெயர்களை முணுமுணுத்தது. எங்கள் தெருவில் அந்தப் புயலில் போய்த் திரும்பாதவர்கள். ஒவ்வொருத்தராக, அவர்களின் தாய்மார் பெயரோடு சேர்த்து. அந்தத் தாய்களும் அதே ஞாயிறு அதே கோயிலில் முட்டுபோட்டவர்கள்தானே. எட்டு வருஷமாக இவள் எதைச் சுமந்துகொண்டு இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. கடைசியாகத்தான் தம்பி பெயர் வந்தது. அப்போது கண்ணாடியைப் பார்த்து, பாத்திரம் கழுவி முடித்த கையைப் பார்ப்பதுபோல, "ரொம்பக் கடுத்திருக்குமே அப்பா" என்றாள்.

சவேரியாரே, உமக்கு நன்றி. போன பர்ஸ் போகட்டும், மூடின கதவுக்கும் நன்றி, இடித்தவர்களுக்கும் நன்றி.

சரி, உப்பு. கோட்டாற்றில் போடுவதுபோல் கொட்ட இங்கே இடமில்லை. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் பீடத்துப் படியின் ஓரத்தில் நாலு மிளகும் ஒரு சிட்டிகை உப்பும் வைத்தாள். மறுநாள் துடைப்பத்தில் போயிருக்கும். மீதியைப் பத்திரமாக முடிந்து ஊருக்கே கொண்டுபோய்விட்டாள்.

"இங்க உப்பளத்துல இல்லாத உப்பா ரோமுக்குப் போயிட்டு வந்திருக்கு?" என்று தம்பி கேட்டானாம். கேட்டுவிட்டு அன்றைய சாளைக் குழம்பில் அதையே அள்ளிப் போட்டிருக்கிறான். கரித்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். ஆனாலும் சட்டியைக் காலி செய்துவிட்டார்களாம்.