மேடு தெரிந்தவர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் பிறந்தவர்களுக்கு, சண்டி எனப்படும் பழங்காலக் கோயில்களின் எச்சங்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு என்றால் பள்ளிச் சுற்றுலா. மெர்போக் அருங்காட்சியகம், புக்கிட் பத்து பகாட் சண்டி, பக்கத்து ஆற்றில் குளியல், பொட்டலத்தில் நாசி லெமாக். பதினொன்றாம் எண் சண்டியை 2013-இல் இடித்த பிறகுதான் நம் ஆட்கள் பலரும் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தார்கள். தனியார் நிலம், வீடு கட்ட நிலத்தைச் சமன்படுத்தினார்கள், அரசிதழில் அந்த இடம் பதிவாகியிருக்கவில்லை. அதோடு போயிற்று.

1936, 37-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இங்கே தோண்டி, சண்டிகளுக்கு எண் போட்டார்கள். இந்தப் பதினொன்றும் அவர்கள் போட்ட எண்தான். 2009-லிருந்து சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்ட, இரும்பு உருக்கிய உலைகளும் ஊதுகுழல் துண்டுகளும் செங்கல் கட்டடங்களும் வெளியே வந்தன. அதுவும் செம்பனைக்கு நடுவில்.

எங்கள் அம்மா தோட்டத்தில் புல்லு வெட்டும் கூட்டத்தில் இருந்தவர். எந்த மேட்டில் மண்வெட்டி செங்கல்லில் இடிக்கும், எந்த ஓடைக்கரையில் கறுப்பு இரும்புக் கசடு கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். தோட்டத்தை நிர்வகித்த துரையின் வரைபடத்தில் பிளாக் எண் மட்டும்தான். ஆனால் தெரிந்து என்ன செய்ய? நிலமும் நம்முடையது இல்லை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயமும் நம்முடையது இல்லை. தோட்டம் கைமாறியதும் முதலில் காலியாவது லயம். மேடு தெரிந்தவர்கள் சுங்கை பட்டாணி அடுக்குமாடிகளுக்குச் சிதறிப் போன பிறகுதான் புல்டோசர் வருகிறது. பார்த்துக் கத்த அங்கே யார் இருப்பார்கள்?

ஒன்று சொல்கிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். தோட்டம் விற்கும்போது மாரியம்மன் கோயிலுக்கு நிலம் கேட்டு வாங்க நமக்குத் தெரிகிறது. கமிட்டி, மனு, சட்டமன்ற உறுப்பினர் என்று விடாமல் அலைகிறோம். அந்தப் பேச்சுவார்த்தையில் மூன்றாம் பிளாக் செங்கல் மேட்டைப் பற்றி ஒருவராவது வாய் திறந்ததுண்டா? 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தை, அதாவது இதே கெடாவை, வென்றான் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் நேரம் இருக்கிறது.

2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி பழம்பொருள் கண்டவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். சரி, அதையே பிடித்துக்கொள்ளலாம். நில அளவை வரைபடம் ஒன்றை அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் அவரோடு வேலை செய்த அக்காமார்களையும் உட்கார வைத்து மேடுகளைக் குறிக்கச் சொல்கிறேன். மெர்போக் மலாய்க் கிராமத்து பாக்சி (பெரியவர்) ஒருவருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆற்றோரம் எங்களைவிட அவர்களுக்குத்தான் பழக்கம்.

இதுவரை ஐந்து புள்ளிகள். ஐந்தாவது பழைய ரப்பர் பால்கொட்டகைக்கு மேற்கே என்கிறார் அம்மா. ராசம்மா அக்கா கிழக்கே என்று அடித்துச் சொல்கிறார். இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும், காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டால்.