எஸ்.பி.எம் ஆங்கிலம்: தவறிய கேள்வியோடு இன்னும் கொஞ்ச நேரம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், படிவம் ஐந்தின் முடிவில் வரும் எஸ்.பி.எம் என்ற மலேசிய அரசுத் தேர்வை எழுதப்போகும் பிள்ளைகளின் மேசையில் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களுக்குக் குறைச்சலே இல்லை. அப்பா அம்மா செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்த காசில் வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளையும் உட்கார்ந்து செய்கிறது, கடைசிப் பக்கத்து விடைப்பட்டியலைப் பார்த்துச் சரி, தவறு போட்டுக்கொள்கிறது, நாற்பதுக்கு இருபத்திரண்டு என்று தாளின் மேலே எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே இருபத்திரண்டுதான். கோவில் மண்டபத்தில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. பயிற்சித் தாள் பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். ஆங்கிலம் வளர்வது தாளைத் திருத்தி முடித்த பிறகு, தவறிய கேள்விகளோடு உட்காரும் நேரத்தில்.

தேர்வைப் பற்றித் தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 முதல் எஸ்.பி.எம் ஆங்கிலம் சி.இ.எஃப்.ஆர் என்ற ஐரோப்பிய மொழித்தர அளவுகோலை ஒட்டி அமைந்திருக்கிறது. முதல் தாள் வாசிப்பும் மொழிப் பயன்பாடும், ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்விகள். இரண்டாவது எழுத்து, மூன்றாவது பேச்சு, நான்காவது கேட்டல். சான்றிதழ் கிடைக்க மலாயிலும் வரலாற்றிலும் தேறினால் போதும், ஆங்கிலத்தில் தேறியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் பல வீடுகளில் ஆங்கிலத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அதோடு முடிவதில்லையே, மேலே படிக்க மூவெட் என்ற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு வேண்டும், வேலைக்குப் போனால் நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் கேட்பார்கள்.

சரி, தவறிய கேள்வியோடு உட்காருவது என்றால் என்ன? போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கோலாலம்பூர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பி மீன் வளர்க்கும் ஓர் இளைஞரைப் பற்றிய பகுதி. ஏன் திரும்பினார் என்பது கேள்வி. ஒரு மாணவன் சம்பளம் போதவில்லை என்ற விடையைத் தேர்ந்தெடுத்திருந்தான். ஏன்யா என்று கேட்டேன். "டீச்சர், சேலரினு இங்கயே போட்டிருக்கே" என்று விரல் வைத்துக் காட்டினான். போட்டிருந்தது உண்மைதான். அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன். 'ஆல்தோ' என்று தொடங்கியது. சம்பளம் நன்றாகவே இருந்தும், தாயாரைத் தனியே விட மனமில்லாமல் வந்தார் என்பதுதான் முழு வாக்கியம். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், அப்புறம் பென்சிலை எடுத்து 'ஆல்தோ'வைச் சுற்றி வட்டம் போட்டான்.

கேள்வி தயாரிப்பவர்கள் இதை அறிந்தேதான் செய்கிறார்கள். தவறான விடையில் பகுதியிலிருக்கும் அதே சொல்லை வைப்பார்கள், சரியான விடையை வேறு சொற்களில் எழுதுவார்கள். அவசரமாகச் சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கிற பிள்ளை நேராகப் போய் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் என் வகுப்பில் ஒரே ஒரு விதிதான் கண்டிப்பு. ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைக் கோடிட்டுக் காட்ட வேண்டும். மற்ற மூன்றும் ஏன் சரியில்லை என்று வாயால் சொல்ல வேண்டும், தமிழிலேயே சொல்லட்டும், மலாயில் சொல்லட்டும், பரவாயில்லை. தமிழ்ப்பள்ளியில் கருத்துணர்தல் செய்தபோது பத்தியில் விடை எங்கே என்று ஆசிரியர் கேட்டிருப்பார். அந்தப் பழக்கம் கையில் இருக்கிறது, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

வாக்கியங்களை எடுத்துவிட்டு அவற்றை உரிய இடத்தில் பொருத்தச் சொல்லும் பாகத்தைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஒரே பயம். அங்கேயும் சின்னச் சொற்கள்தான் கைகொடுக்கும். வெற்றிடத்துக்கு அடுத்த வாக்கியம் 'தே' (they) என்று தொடங்கினால், வெற்றிடத்தில் பலரைப் பற்றிய ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும். 'ஹவெவர்' என்றால் முன்னால் இதற்கு மாறானது ஒன்று இருந்திருக்கும். பொருத்துவதற்கு முன்னால் இந்தச் சொற்களை எல்லாம் வட்டமிட்டு வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இலக்கணத்துக்கு வருகிறேன். 'ஹீ கோஸ்' என்பதில் அந்தக் கடைசி 'எஸ்' நம் பிள்ளைகளிடம் விழுந்துகொண்டே இருக்கிறது. தமிழ் பேசும் எந்தப் பிள்ளையும் 'அவன் போகிறேன்' என்று சொல்லாது, எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும் என்பது அதற்கு ரத்தத்திலேயே இருக்கிறது. மலாயில் அப்படி இல்லை, 'சாயா பெர்கி', 'டியா பெர்கி', நேற்றுக்கும் இன்றைக்கும் நாளைக்கும் அதே 'பெர்கி'தான். பள்ளியில் நாள் முழுக்க மலாயில் யோசித்துவிட்டு அந்த ஓட்டத்திலேயே ஆங்கிலத்தை எழுதுகிறார்கள். திணறும் பிள்ளையிடம், இந்த இடத்தில் தமிழில் வினை எப்படி முடியும் என்று கேட்டுப்பாருங்கள், காலமும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடமும் பளிச்சென்று பிடிபடும். 'எ' (a), 'தி' (the) இரண்டுக்கும் இந்த வழி உதவாது, தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. அதற்கு நான் செய்வது, ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியை எடுத்து அவற்றை மட்டும் லிக்விட் போட்டு அழித்துக் கொடுப்பது. பிள்ளைகள் நிரப்பிய பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் பேசுவோம். காசு செலவே இல்லாத பயிற்சி.

சொல்வளம் என்றாலே பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது என்றாகிவிட்டது. பொம்பாஸ்டிக் சொல், அதாவது ஆடம்பரமான பெரிய சொல், என்று ஆசிரியர்களும் சொல்கிறார்கள், பிள்ளைகளும் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்துக்கொண்டு கட்டுரையில் பொருந்துகிறதோ இல்லையோ செருகிவிடுகிறார்கள். எழுத்துத் தாளில் மூன்று பாகம், ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. அந்த 20உம் உள்ளடக்கம், தொடர்பாடல், ஒழுங்கமைப்பு, மொழி என்று நான்காகப் பிரியும். மொழிக்குப் போவது கால்வாசிதான், அதிலும் பெரிய சொல்லுக்கென்று தனிப் புள்ளி கிடையாது. 80 சொல்லில் எழுதும் மின்னஞ்சலுக்கும் 250 சொல் வரை போகும் கட்டுரைக்கும் ஒரே 20 என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எளிய சொல்லை அதன் துணையோடு கற்றுக்கொண்டால் போதும். 'டிபெண்ட்' வந்தால் 'ஆன்' வரும், 'டெசிஷன்' வந்தால் முன்னால் 'மேக்' வரும். முதல் தாளில் வெற்றிடம் நிரப்பும் பாகம் பெரும்பாலும் இதைத்தான் சோதிக்கிறது. நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

வாசிக்க எங்கள் ஊரில் ஆங்கிலம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்க்கிறார். களைக்கொல்லி கேனின் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தாள். எச்சரிக்கை நான்கு மொழியில் இருந்தது. ஆங்கிலப் பகுதியை மட்டும் எல்லோருக்கும் காட்டினேன். காற்றை எதிர்த்துத் தெளிக்காதே, தெளித்தது காயும்வரை உள்ளே போகாதே, விழுங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் இலக்கணம். 'அன்டில்', 'அன்லெஸ்', 'இஃப்' எல்லாம் அங்கேயே இருக்கின்றன. பிறகு பிள்ளைகளையே கேள்வி போடச் சொன்னேன், ஒரு சரியான விடை, மூன்று தவறானவை. தவறான விடையை நம்பும்படி எழுத எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. அந்த மாணவி போட்ட கேள்வியில் வகுப்பில் பாதிப் பேர் ஏமாந்தார்கள், அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! முதல் தாளின் முதல் பாகமே அறிவிப்பு, விளம்பரம், குறுஞ்செய்தி மாதிரியான சின்னப் பகுதிகள்தான். வங்கி வாசலில், கிளினிக் சுவரில், மாவுப் பாக்கெட்டில் இருக்கிற ஆங்கிலம் எல்லாமே இதற்குப் பயிற்சி.

ஆகவே பெற்றோரே, புதுப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் பழைய புத்தகத்தைத் திறந்து தவறிய கேள்விகளை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து, விடை எந்த வரியில் இருக்கிறது காட்டு என்று கேட்கலாம். வாரத்துக்கு ஒரு தாள் போதும், மீதி நாள் அந்த ஒரே தாளோடு. மூவெட் வாசிப்புத் தாளிலும் 40 கேள்விதான், ஆனால் நேரம் 75 நிமிடம், பகுதிகளும் கடினம். படிவம் நான்கிலேயே வரியைத் தேடிப் பழகிய பிள்ளைக்கு அந்த நேரம் போதும்.