காதேஷ் என்ற வார்த்தையில் விழுந்த ஏழு மார்க்

ரிசல்ட் நேற்று சாயங்காலம் வந்தது. எம்.ஏ. வரலாறு, தொலைதூரக் கல்வி, பண்டைய நாகரிகங்கள் தாள். போன தடவை 43, தேற ஏழு குறைவு. இந்தத் தடவை 66. அரியர் போனது. நிம்மதியில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை போன ஏழு மார்க்குக்கும் காரணம் ஒரே ஒரு கேள்விதான். பண்டைய எகிப்திய மன்னர் மூன்றாம் துட்மோஸின் போர்களையும் ஆட்சியையும் விளக்குக. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நன்றாகப் படித்து வைத்த பகுதி. நான்கு பக்கம் எழுதினேன். அதில் இரண்டு பக்கம், பிற்காலத்தில் வந்த இன்னொரு எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்செஸின் போர்!

காரணம் காதேஷ் என்ற சிரியா நாட்டு ஊர்ப்பெயர். மெகிடோ என்ற ஊரில் (இன்றைய இஸ்ரேல்) துட்மோஸை எதிர்த்த கூட்டணிக்குத் தலைவன் காதேஷ் மன்னன். அந்தப் பெயரை எழுதியதும் கை தானாக ராம்செஸிடம் ஓடிவிட்டது: அவரோடு மோதிய ஹிட்டைட்டுகள் (இன்றைய துருக்கிப் பக்கத்துப் பேரரசு), திடீர்த் தாக்குதல், பிற்பாடு வந்த உடன்படிக்கை வரை. மெகிடோ கி.மு. 1457. ராம்செஸின் காதேஷ் போர் கி.மு. 1274. இடையில் 183 வருஷம். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. தெரிந்தும் மறுகூட்டலுக்குப் பணம் கட்டினேன். மாற்றமில்லை என்று பதில் வந்தது. வராமல் என்ன செய்யும்.

இந்த முறை செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. கி.மு. கணக்கைத் தூக்கிப் போட்டேன். அது பின்னோக்கி ஓடுகிறது, புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. துட்மோஸ் பட்டத்துக்கு வந்தது ஒன்றில் 1504, இன்னொன்றில் 1490, இப்போது பெரும்பாலும் 1479. எதை மனப்பாடம் செய்வது? சோழர் கல்வெட்டில் யாண்டு இத்தனை என்று வருகிறதல்லவா, எகிப்தியரும் அப்படித்தான் எழுதினார்கள். கர்னாக் கோயில் சுவரில் இருக்கும் இவருடைய போர்க்குறிப்புகளே ஆட்சியாண்டு வரிசையில்தான் போகின்றன. அதனால் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இப்படி எழுதி, அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டினேன்:

1 – அப்பா இரண்டாம் துட்மோஸ் சாவு. பையன் அரசன், சிற்றன்னை ஹட்செப்சுட் காப்பாளர்
7 – இதற்குள் ஹட்செப்சுட்டே முழு அரசர்
22 – துட்மோஸின் தனி ஆட்சி
23 – மெகிடோ
30 – காதேஷ் (இவருடையது!)
33 – யூப்ரடிஸ்
42 – கடைசிப் படையெடுப்பு
54 – சாவு

இரண்டு வாரத்தில் 33-க்குப் பக்கத்தில் அம்மா பால் கணக்கு எழுதியிருந்தார். இருந்தாலும் தாள் வேலை செய்தது.

எப்படி என்றால், 22, 23 இரண்டும் ஒட்டி நிற்பதைப் பாருங்கள். தனி அரசராகி அதிக நாள் ஆகவில்லை, படையோடு கிளம்பிவிட்டார். ஆள் மாறும் நேரம் பார்த்துக் கானான் (மெகிடோ இருக்கும் பகுதி) சிற்றரசர்கள் கூட்டணி சேர்ந்தார்கள் என்ற காரணம் அங்கேயே கிடைத்துவிடும். அப்புறம் ஹட்செப்சுட் விஷயம். எனக்குக் கிடைத்த நோட்ஸில், சிற்றன்னை இறந்ததும் துட்மோஸ் ஆத்திரத்தில் அவருடைய சிலைகளை உடைத்தார் என்றிருந்தது. பெயர் அழிப்பு நடந்தது 42-ஆம் ஆண்டுக்குப் பிறகு என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். யாராவது ஆத்திரத்தை இருபது வருஷம் அடக்கி வைப்பார்களா? மகன் இரண்டாம் அமென்ஹோடெப்புக்கு வாரிசுரிமையை உறுதிசெய்யத்தான் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நான் இரண்டையும் எழுதி, இரண்டாவதன் பக்கம் சாய்ந்தேன்.

மெகிடோவுக்கு ஒரு பக்கம் முழுசாகக் கொடுங்கள். மூன்று வழி. சுற்றிப் போகும் வழிகள் இரண்டு, அருணா கணவாய் வழியாக ஒன்று. கணவாயில் போனால் குதிரைக்குப் பின் குதிரையாக, ஆளுக்குப் பின் ஆளாகத்தான் போகமுடியும் என்று தளபதிகள் தடுத்தார்கள். அவர் அதையே எடுத்தார். எதிரி மற்ற இரண்டு வழிகளையும் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தான். மறுநாள் சண்டையில் எதிரிகள் தேரை விட்டுவிட்டு ஊரை நோக்கி ஓட, கதவு சாத்தியிருந்ததால் உள்ளே இருந்தவர்கள் துணியைத் தொங்கவிட்டு இவர்களை மதில்மேல் தூக்கினார்கள். எகிப்தியப் படை கொள்ளையில் இறங்காமல் இருந்திருந்தால் அன்றே ஊர் விழுந்திருக்கும். விழ ஏழு மாதம் ஆனது. எண்களில் நான் வைத்துக்கொண்டது மூன்றுதான்: பிடித்த தேர் 924, கைதிகள் 340, வெட்டிய கை 83. செத்தவனின் கையை வெட்டி எண்ணுவது அவர்கள் வழக்கம். இத்தனை தேருக்கு 83 கை என்றால் பெரிய வெட்டுக்குத்து நடக்கவில்லை, ஓட்டம்தான் நடந்திருக்கிறது. இந்த ஒரு வரியைச் சொந்தமாக எழுதினேன், அதில் எனக்குப் பெருமைதான்.

33-க்கு மூன்று வரி போதும். லெபனான் கரையிலுள்ள பிப்லோஸ் பக்கம் மரத்தில் படகு கட்டி, மாட்டு வண்டிகளில் ஏற்றி யூப்ரடிஸ் வரை இழுத்துப்போய், ஆற்றைக் கடந்து மிட்டானி நாட்டைத் தாக்கினார். தாத்தா முதலாம் துட்மோஸ் நாட்டிய கல்லுக்குப் பக்கத்தில் தன் கல்லையும் நாட்டினார். திரும்பும் வழியில் நியி என்ற இடத்தில் 120 யானை வேட்டை. அதில் பெரிய யானையின் 'கையை' வெட்டியதாக அமெனெம்ஹெப் என்ற வீரர் தன் கல்லறையில் எழுதி வைத்திருக்கிறார். துதிக்கை என்று சொல்லும் நமக்கு இது மறக்குமா?

மற்றபடி:

– மொத்தம் 17 படையெடுப்பு. எல்லாவற்றையும் பட்டியல் போடாதீர்கள், நேரம் போய்விடும்.
– துட்மோஸை 'எகிப்தின் நெப்போலியன்' என்றவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரெஸ்டெட். ஒரு வரி. குள்ளமானவர் என்று சேர்க்க வேண்டாம், மம்மியை அளந்தபோது அதற்குப் பாதங்களே இல்லை.
– கூடைகளில் வீரர்களை ஒளித்து யோப்பா என்ற ஊரைப் பிடித்தது பாப்பிரஸ் சுருளில் வரும் கதை. கதை என்றே எழுதுங்கள்.
– தோற்ற சிற்றரசர்களின் பிள்ளைகளை எகிப்துக்குக் கொண்டுபோய் வளர்த்ததை விடாதீர்கள். ஆட்சி என்று கேட்டால் முதலில் எழுத வேண்டியது அதுதான்.
– கூட்டமாகப் படிக்காதீர்கள். எனக்கு ராம்செஸ் ஒட்டிக்கொண்டது அப்படிப் படித்த ஒரு ராத்திரியில்தான்.
– காதேஷ் என்று எழுதினால் உடனே பேனாவைக் கீழே வையுங்கள். எந்த ஆண்டு என்று போட்டுவிட்டு எடுங்கள்.

கடைசிப் பத்தியில் கல்லறை, கர்னாக் சுவரில் செதுக்கிய செடிகொடிகள், இன்று ரோமிலும் லண்டனிலும் நிற்கும் அவருடைய தூண்கள் எல்லாம் வைத்திருந்தேன். மணி அடித்துவிட்டது. 'ஆட்சியாண்டு 54, மறைவு' என்று மட்டும் எழுதி, கோடு போட்டு, பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.